கோழி எருவும் இரண்டு தீவு நாடுகளும்

மளிகை வியாபாரத்திற்கும் கோழி எருவிற்கும் என்ன சம்பந்தம் என்று சங்க அன்பர்கள் கேட்கக்கூடும். நம் அடி அண்ணாமலைப் பகுதியில் கடை வைத்திருப்பவர்களின் வாடிக்கையாளர்களில் பெரும் பகுதியினர் விவசாயிகள். கடலை விளைந்தால்தான் கணக்கு நோட்டில் உள்ள பாக்கி வசூலாகும். ஆகவே அவர்கள் நிலத்தில் எதைக் கொட்டுகிறார்கள் என்பது நம் கல்லாப்பெட்டி விஷயமுமாகும்.

முதலில் சரக்கின் தரத்தைப் பார்ப்போம். கோழி எருவில் சுமார் 3 சதவீதம் தழைச்சத்தும், இரண்டரை சதவீதத்திற்குச் சற்று மேல் மணிச்சத்தும், ஒன்றரை சதவீதத்தை ஒட்டிச் சாம்பல் சத்தும் உண்டு. தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீதம்தான். யூரியாவில் 46 சதவீதம். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் உள்ள தழைச்சத்தைக் கோழி எருவில் பெற வேண்டுமானால் 690 கிலோ வேண்டும். தொழு உரமானால் 4 டன்னுக்கு மேல். இதுவும் ஏட்டுக் கணக்குதான். எருவை வெயிலிலும் மழையிலும் திறந்து போட்டால் ஒரே மாதத்தில் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதி அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். மூக்கைத் துளைக்கும் அந்த நெடி, விவசாயியின் பணம் ஆவியாகும் நெடியே.

இந்தக் கணக்கைப் பாராமல் இறங்கிய நாடு இலங்கை. 2021-ஆம் ஆண்டு மே மாதம் அந்நாட்டு அரசு ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. நாடு முழுவதும் ஒரே போகத்தில் இயற்கை உரத்திற்கு மாற வேண்டும் என்றார்கள். மாற்று உரம் எங்கே? அங்கே கோழிப் பண்ணைகள் பெரும்பாலும் குருநாகல், புத்தளம், கம்பஹா பக்கம் உள்ளன. நுவரெலியா மலைக் காய்கறித் தோட்டங்களுக்கு லாரியில் ஏற்றித்தான் போகவேண்டும். அந்தத் தோட்டக்காரர்கள் ஏற்கெனவே கோழி எருவை ரசாயன உரத்தோடு சேர்த்துத் தாராளமாகப் போட்டு வந்தவர்கள். அவர்கள் மண்ணில் மணிச்சத்து தேங்கிக் கிடந்தது. நெல்லுக்கும் தேயிலைக்குமோ போதிய எரு இல்லை. சீனாவிலிருந்து வந்த ஒரு கப்பல் இயற்கை உரத்தில் தீய கிருமி இருப்பதாகச் சொல்லி இறக்க மறுத்தார்கள்; ஆனாலும் 2022 ஜனவரியில் 67 லட்சம் டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. சரக்கை வாங்காமலே பட்டியலுக்குப் பணம் கட்டிய கதை! தடை 2021 நவம்பரில் விலக்கப்பட்டது. அதற்குள் நெல் விளைச்சல் படுத்து, அரிசி விலை ஏறி, அரிசியை வெளிநாட்டிலிருந்து வாங்கும் நிலை வந்துவிட்டது.

மற்றொரு தீவு நாடான பிரிட்டனில் கதை நேர் எதிர். அங்கே எரு மிஞ்சிப் போயிற்று. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் எல்லையில் ஓடும் வை நதியின் நீர்ப்பிடிப்பில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட கோழிகள் வளர்க்கப்படுவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த எருவை அக்கம்பக்க வயல்களிலேயே போட்டு வந்தார்கள். பயிர், தழைச்சத்தை அதிகமாகவும் மணிச்சத்தைக் குறைவாகவும் எடுக்கும். கோழி எருவிலோ இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு. தழைச்சத்துக்காக எரு போட்டால் மணிச்சத்து மண்ணில் ஆண்டுக்காண்டு ஏறும். மழை அதை ஆற்றில் சேர்க்கும். 2020 கோடையில் அந்த நதி பாசி பிடித்துப் பச்சையாயிற்று. 2023-இல் அதன் நிலை மோசமாகி வருவதாக அரசுத் துறையே அறிவித்தது. அங்குள்ள நைட்ரேட் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் கால்நடை எருவின் மூலம் ஹெக்டேருக்கு ஆண்டில் 170 கிலோ தழைச்சத்துதான் என்று சட்டம் உண்டு. நம் கணக்கில் ஏக்கருக்குச் சுமார் 2.3 டன் கோழி எரு. அந்த அளவிலேயே 60 கிலோ மணிச்சத்தும் சேர்ந்து இறங்கிவிடும் என்பதை அந்தச் சட்டம் கணக்கில் எடுக்கவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

மிச்ச எருவை எரித்து மின்சாரம் எடுக்கவும் அவர்கள் முனைந்தார்கள். சஃபோக் மாவட்டத்தில் ஐ என்ற ஊரில் 1992-இல் வந்ததுதான் கோழி எருவில் ஓடிய உலகின் முதல் மின் நிலையம். எரித்தால் தழைச்சத்து போய்விடும். சாம்பலில் தங்கும் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் எடை குறைந்து, தூர ஊருக்கு அனுப்பக் கட்டுபடியாகும்.

நம் பக்கம் வருவோம். நாமக்கல் முட்டைப் பண்ணைகளின் எரு லாரி லாரியாக வெளியூர் போகிறது. கறிக்கோழிக் கொட்டகைகளிலிருந்து வருவது உமியோ தென்னை நார்க் கழிவோ கலந்த ஆழ்கூளம். ஒரே லோடு விலையில் சத்து வேறுபடும். எடையைப் பார்த்து வாங்குகிறவர் ஈரத்துக்கும் பணம் கொடுக்கிறார். பச்சை எரு வேரைக் கருக்கும். நார்க் கழிவு அல்லது வைக்கோல் சேர்த்து மட்கவைத்த பிறகே போடவேண்டும். கடலை, தனக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும் பகுதியைத் தானே காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் பயிர். அதற்குக் கோழி எருவை அள்ளிக் கொட்டினால் கொடி தழைக்கும், காய் குறையும். கடைக்கு வரும் விவசாயிக்கு, ‘லோடு இறக்கும் முன் மண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்’ என்று நாம் தாராளமாகச் சொல்லலாம்.

இன்னொன்றும் உண்டு. கிரிவலப் பாதையை ஒட்டிய நிலங்களில் பச்சை எருவை மூடாமல் குவித்தால் ஈ பெருகும். அந்த ஈ முதலில் வந்து உட்காருவது நம் வெல்ல மண்டியிலும் பேரீச்சம்பழத் தட்டிலும்தான். பௌர்ணமிக்கு இரண்டு வாரம் முன்பே அக்கம்பக்க நிலத்துக்காரர்களைப் பார்த்து, குவியலைத் தார்ப்பாயால் மூடச் சொல்வதைக் கடைக்காரர்கள் வழக்கமாக்கிக் கொள்ளலாம். தார்ப்பாய் இருந்தால் தழைச்சத்தும் பறக்காது.