தானுந்துப் புகைபோக்கி மாற்றமும் குதிரைத்திறன் அளவீடும்

புகைபோக்கி மாற்றத்தின் குதிரைத்திறன் அளவீடு என்பது, ஒரு தானுந்தின் புகைபோக்கித் தொகுதியை மாற்றிய பின் அதன் பொறி எவ்வளவு கூடுதல் திறனைத் தருகிறது என்பதை டைனமோமீட்டர் கொண்டு கண்டறியும் முறையாகும். இவ்வாறு கிடைக்கும் உயர்வு பெரும்பாலும் மொத்தத் திறனில் சில விழுக்காடு மட்டுமே. காற்றின் வெப்பநிலை, காற்றழுத்தம், பொறியின் சூடு ஆகியவை மாறுவதால் அளவீட்டில் தோன்றும் வேறுபாடும் ஏறத்தாழ அதே அளவினதாக இருக்கும். எனவே, முறையாக அளக்கப்படாத உயர்வு உண்மையானதா, வானிலையின் விளைவா என்று சொல்ல இயலாது.

புகைபோக்கி திறனைப் பாதிக்கும் விதம்

நான்கு அடிப் பொறியில், எரிந்த வளிமத்தை உந்துதண்டு உருளையிலிருந்து வெளியே தள்ளுகிறது. இவ்வளிமம் வெளியேற்றுப் பன்முகக் குழாய், வினையூக்கி மாற்றி, ஒலியடக்கி ஆகியவற்றின் வழியே செல்கிறது. இப்பாதையிலுள்ள தடை பின்னழுத்தம் எனப்படும். தடை மிகுந்தால் வளிமத்தைத் தள்ளுவதற்கே பொறி ஆற்றலைச் செலவிடுகிறது. உருளையில் பழைய வளிமம் தங்குவதால் புதிய காற்றுக்கான இடமும் குறைகிறது.

அழுத்த அலைகளும் இதில் பங்கு வகிக்கின்றன. வெளியேற்று வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் ஓடி, குழாய்கள் சேரும் இடத்தில் குறையழுத்த அலையாகத் திரும்புகிறது. வால்வு மூடுவதற்குச் சற்று முன் அது வந்து சேர்ந்தால், எஞ்சிய வளிமத்தை வெளியே இழுக்க உதவும். இந்த ஒத்திசைவு குழாயின் நீளத்தைப் பொறுத்து ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தை ஒட்டியே அமையும். ஆகவே உயர் வேகத்தில் திறனைக் கூட்டும் குழாய், தாழ் வேகத்தில் அதைக் குறைக்கவும் கூடும்.

"பொறிக்குச் சற்றுப் பின்னழுத்தம் தேவை" என்னும் கருத்து பரவலாக உள்ளது. இது சரியன்று. அளவுக்கு மிஞ்சி அகன்ற குழாயில் வளிமத்தின் வேகம் குறைந்து, மேற்கூறிய இழுவிசை நலிவதே தாழ் வேகத் திறன் இழப்புக்குக் காரணமாகும்.

திறனும் முறுக்குவிசையும்

குதிரைத்திறன் என்னும் அலகை வகுத்தவர் ஜேம்ஸ் வாட். ஒரு குதிரைத்திறன் 745.7 வாட்டுக்குச் சமம். ஐரோப்பாவில் வழங்கும் மெட்ரிக் குதிரைத்திறன் 735.5 வாட் ஆகும். டைனமோமீட்டர் திறனை நேரடியாக அளப்பதில்லை. முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் கொண்டு அது பின்வருமாறு கணிக்கப்படுகிறது:

கிலோவாட் = முறுக்குவிசை (நியூட்டன் மீட்டர்) × நிமிடத்திற்கான சுழற்சிகள் ÷ 9549

எடுத்துக்காட்டாக, 6000 சுழற்சிகளில் 400 நியூட்டன் மீட்டர் தரும் பொறியின் திறன் 251.3 கிலோவாட், அதாவது 337 குதிரைத்திறன் ஆகும்.

டைனமோமீட்டர் வகைகள்

பிரெஞ்சுப் பொறியாளர் காஸ்பார் டி புரோனி 1821 ஆம் ஆண்டில் உருவாக்கிய உராய்வுத் தடை இக்கருவிகளின் முன்னோடியாகும். இன்று இரு முறைகள் வழக்கில் உள்ளன. ஒன்றில், பொறியைத் தனியே கழற்றி வைத்து அளப்பர். மற்றொன்றில், தானுந்தின் சக்கரங்களை உருளைகளின் மேல் நிறுத்தி அளப்பர். பின்னதில், எடைமிகு உருளை எவ்வளவு விரைவாக முடுக்கம் பெறுகிறது என்பதைக் கொண்டோ, சுழல் மின்னோட்டத் தடையால் சுமை ஏற்றியோ திறன் கணிக்கப்படுகிறது.

பற்சக்கரப் பெட்டியிலும் டயர்களிலும் ஏற்படும் இழப்பால், சக்கரத்தில் அளக்கும் திறன் பொறியின் திறனைவிடக் குறைவாக இருக்கும். இவ்விழப்பு எல்லாத் தானுந்துகளுக்கும் ஒரே விழுக்காடு அன்று. மாற்றத்திற்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவதற்குச் சக்கரத் திறனே போதுமானது.

வளிமண்டலத் திருத்தம்

சூடான காற்றின் அடர்த்தி குறைவு. அதனால் பொறிக்குள் செல்லும் ஆக்சிசனும் குறைகிறது. எஸ்.ஏ.ஈ. ஜே1349 என்னும் செந்தரம் 25 பாகை செல்சியசையும், உலர்காற்றின் 99 கிலோபாஸ்கல் அழுத்தத்தையும் அடிப்படையாகக் கொண்டு அளவைத் திருத்துகிறது.

அழுத்தம் மாறாமல் வெப்பநிலை மட்டும் 35 பாகையாக உயர்ந்தால், இச்செந்தரத்தின்படி திருத்தக் காரணி ஏறத்தாழ 1.02 ஆகும். அதாவது காலையில் 25 பாகையில் 270 குதிரைத்திறன் காட்டும் தானுந்து, பிற்பகலில் 35 பாகையில் சுமார் 265 மட்டுமே காட்டும். பிற்பகலில் பழைய குழாயையும் மறுநாள் காலையில் புதிய குழாயையும் சோதித்துத் திருத்தம் செய்யாமல் விட்டால், எதையும் சாதிக்காத குழாய் கூட 5 குதிரைத்திறன் "உயர்வு" தந்ததாகத் தோன்றும்.

பழைய ஜே607 செந்தரம் குளிர்ந்த, அடர்ந்த காற்றை அடிப்படையாகக் கொண்டது. அதன்படி திருத்திய எண் ஏறத்தாழ 4 விழுக்காடு கூடுதலாக இருக்கும். இரு வரைபடங்களை ஒப்பிடுமுன் இரண்டும் ஒரே செந்தரத்தைப் பின்பற்றுகின்றனவா என்று பார்த்தல் வேண்டும்.

அளவீட்டு நடைமுறை

* ஒரே நாளில், ஒரே கருவியில், ஒரே கியரில் சோதித்தல் வேண்டும்.
* டயர் அழுத்தம், எரிபொருள், பட்டைகளின் இறுக்கம், விசிறியின் இடம் ஆகியவற்றை மாற்றக் கூடாது.
* ஒவ்வோர் ஓட்டத்தையும் எண்ணெயும் குளிர்நீரும் ஒரே வெப்பநிலையில் இருக்கும்போது தொடங்க வேண்டும்.
* ஒவ்வோர் அமைப்புக்கும் குறைந்தது மூன்று ஓட்டங்கள் தேவை.
* இயலுமாயின், பழைய குழாயை மீண்டும் பொருத்தி முதல் அளவு திரும்ப வருகிறதா என்று சரிபார்க்க வேண்டும்.
* உச்ச எண்ணை மட்டுமன்றி முழு வளைகோட்டையும் ஒப்பிட வேண்டும்.

பழைய குழாயுடன் 268, 271, 270 என்றும், புதியதுடன் 273, 275, 274 என்றும் கிடைத்ததாகக் கொள்வோம். சராசரி உயர்வு 4.3 ஆகும். இரு தொகுதிகளும் ஒன்றன்மேல் ஒன்று படியாததால் உயர்வு உண்மையென்று கொள்ளலாம். மாறாக, புதியதுடன் 269, 272, 271 என்று கிடைத்திருந்தால் அம்முடிவுக்கு வர இயலாது.

1999 மஸ்டாங் கோப்ரா

அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் 1999 ஆம் ஆண்டு மஸ்டாங் கோப்ராவின் 4.6 லிட்டர் வி8 பொறிக்கு 320 குதிரைத்திறன் என்று அறிவித்தது. முந்தைய மாதிரிக்கு 305 என்று அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் உரிமையாளர்கள் டைனமோமீட்டரில் சோதித்தபோது அறிவிக்கப்பட்ட உயர்வு தென்படவில்லை. 1999 ஆகத்தில் விற்பனையை நிறுத்திய ஃபோர்டு, விற்ற தானுந்துகளையும் திரும்ப அழைத்தது. உள்ளிழுப்புப் பன்முகக் குழாய், பொறிக் கட்டுப்பாட்டுக் கணினி, வினையூக்கி மாற்றிக்குப் பின்னுள்ள புகைபோக்கிப் பகுதி ஆகியவை மாற்றித் தரப்பட்டன.

வாங்கியோர் தாமே அளந்து பார்த்ததால் குறை வெளிப்பட்டது. எனினும் மூன்று உறுப்புகளும் சேர்த்து மாற்றப்பட்டதால், மீண்ட திறனில் புகைபோக்கியின் பங்கு எவ்வளவு என்பதை மொத்த அளவிலிருந்து பிரித்தறிய முடியாது. அதற்கு ஒரு நேரத்தில் ஓர் உறுப்பை மட்டும் மாற்றி அளத்தல் வேண்டும்.

வரம்புகள்

ஒலி கூடினால் வேகமும் கூடியதாக ஓட்டுநருக்குத் தோன்றும். காது திறனை அளக்கும் கருவியன்று. மேலும், வினையூக்கி மாற்றியை நீக்கிப் பெறும் உயர்வைச் சாலைத் தானுந்தின் உயர்வாகக் கணக்கிட இயலாது. சாலையில் ஓடும் தானுந்திலிருந்து அதனை நீக்குவதை அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் தடை செய்கிறது. திறன் உயர்வை எடுத்துரைக்கும்போது கருவியின் வகை, திருத்தச் செந்தரம், ஓட்டங்களின் எண்ணிக்கை, அவற்றிடையே உள்ள வேறுபாடு ஆகியவற்றையும் சேர்த்துக் குறிப்பிட்டால்தான் பிறர் அதனைச் சரிபார்க்க இயலும்.