உங்களுக்குத் தெரியுமா? – பசை வாளி முதல் பால்கோவா வரை

◆ சிவகாசிப் பக்கம் பட்டாசுக்குக் குழாய் உருட்டுகிற இடத்தில் தவறாமல் இருக்கும் பொருள் மைதாப் பசை. மைதாவைத் தண்ணீரில் கரைத்து, அடிப்பிடிக்காமல் கிண்டி இறக்கினால் பசை தயார். சுவரொட்டிக்கும் பைண்டிங்குக்கும் என்றால் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தமும் சேரும். காலண்டர் அட்டை, நோட்டுப் புத்தகத்தின் முதுகு, வாணக் குழாய் என்று ஊரையே ஒட்டிப் பிடித்திருப்பது இதுதான். மைதாவிலுள்ள புரதத்துக்குக் ‘குளூட்டன்’ என்று பெயர்; அந்த லத்தீன் சொல்லுக்குப் பொருளும் பசைதான்! (நியாயமாகச் சொன்னால், காய்ச்சிய பசையில் ஒட்டுகிற வேலையைப் பெரும்பாலும் பார்ப்பது மைதாவின் மாவுச்சத்து. பெயரை மட்டும் புரதம் தட்டிக்கொண்டு போய்விட்டது.)

◆ குளூட்டனைக் கண்ணால் பார்க்க ஆய்வகம் வேண்டாம். ஒரு கைப்பிடி மைதாவைப் பிசைந்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு தண்ணீருக்குள் வைத்துக் கசக்குங்கள். தண்ணீர் பால்போல வெளுக்கும். அது மாவுச்சத்து. நாலைந்து முறை தண்ணீரை மாற்றிக் கசக்கினால், மென்று துப்பிய சூயிங்கம் போல ஒரு சாம்பல் நிற உருண்டை கையில் மிஞ்சும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதுதான் குளூட்டன். இத்தாலியின் பொலோஞா நகரில் பெக்காரி என்ற அறிஞர் இதே கசக்கலைச் செய்து 1728-ல் விளக்கினார். 1745-ல் அது அச்சேறியது. அரிசி மாவில் செய்து பாருங்கள். மொத்தமும் தண்ணீரோடு போய்விடும்.

◆ அரிசி மாவில் யாரும் பரோட்டா வீசாததற்கும் அதுவே காரணம். மாஸ்டர் மாவை அடித்துப் பிசைந்து, எண்ணெய் தடவி உருண்டை பிடித்து, ஈரத்துணி போட்டு மூடி வைப்பார். முறுக்கிப் பிடித்த குளூட்டன் தளர அந்த ஓய்வு வேண்டும். அவசரப்பட்டு வீசினால் மாவு சுருண்டு திரும்பும், இல்லையென்றால் கிழியும். ஊறிய மாவோ நாலு வீச்சில் மல் துணி மாதிரி விரிந்துவிடும். விருதுநகரில் அதைக் கல்லில் சுடுவதோடு நிறுத்தாமல் எண்ணெயில் பொரித்தெடுப்பார்கள். மொறுமொறுப்பு எண்ணெய் தந்தது, அடுக்கடுக்காகப் பிரிவது குளூட்டன் தந்தது. எண்ணெய் பரோட்டாவுக்காகவே ஊரில் வண்டியை நிறுத்துகிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கூட்டம்தான்.

◆ குளூட்டன் எல்லோருக்கும் எதிரி இல்லை. ‘சீலியாக்’ நோய் உள்ளவர்களுக்குத்தான் அது வாழ்நாள் முழுக்க விலக்கு. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களின் இந்தப் புரதம் உள்ளே போனதும், அவர்கள் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. குடலின் உள்சுவரில் கம்பளிவிரிப்பு இழை போல நிற்கும் நுண்முளைகள் மழுங்கிப்போகின்றன. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. வயிற்றுப்போக்கு மட்டும்தான் அறிகுறி என்று நினைத்துவிட வேண்டாம். எத்தனை இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாலும் ஏறாத ரத்தசோகை, வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாத பிள்ளை என்று வேறு வேடத்திலும் வரும்.

◆ இந்த நோயை 1888-ல் தெளிவாக விவரித்தவர் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ. உணவால்தான் இதைக் குணமாக்க முடியும் என்று சரியாகவே கணித்தார். ஆனால் பட்டியல் போடும்போது தடம் மாறிவிட்டார். அரிசி கூடாது, மெல்லிசாக நறுக்கி வாட்டிய ரொட்டி சாப்பிடலாம் என்று எழுதினார்!

◆ உண்மையான குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தது பஞ்சம். நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கேவுக்கு 1930-களிலேயே கோதுமை மீது சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில், போரால் அந்நாட்டில் ரொட்டி கிடைக்காமல் போனது. ஜனங்கள் துலிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். ஊரே மெலிந்த அந்த நாட்களில் சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. 1950-ல் டிக்கே இதை ஆய்வேடாகவே எழுதினார். அதற்கு முன்னால் வாழைப்பழ வைத்தியம் ஒன்று அமெரிக்காவில் 1924 முதல் கொடிகட்டிப் பறந்தது. பிள்ளைகள் தேறியதும் உண்மைதான். பழத்தில் மகிமை இருந்ததோ இல்லையோ, அதைத் தின்ற நாட்களில் ரொட்டி தின்னவில்லை!

◆ வடக்கே 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87, தெற்கே 0.10. 2016-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இருந்தவர்களின் கணக்கு இது. 23,331 பெரியவர்களைப் பரிசோதித்தார்கள். தெற்குக்கு எடுத்துக்கொண்ட இடம் வேலூர். ‘அது வடநாட்டார் நோய், அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது’ என்று முடிவுகட்டத் தோன்றும். அவசரப்படாதீர்கள். இந்த நோய்க்கு வழிவிடும் மரபணு மூன்று பகுதியிலும் ஏறக்குறைய ஒரே அளவில், மூன்றில் ஒருவருக்குமேல் என்ற கணக்கில்தான் இருந்தது. வடகிழக்கில் மட்டும் சற்றுக் குறைவு. பெரிய வித்தியாசம் தட்டில். தினசரி கோதுமை வடக்கே 455 கிராம், தெற்கே 25 கிராம். இருபத்தைந்து கிராம் என்பது பரோட்டா பொட்டலம் தினசரி வீட்டுக்கு வருவதற்கு முந்தைய கணக்கு போலத்தான் எனக்குப் படுகிறது.

◆ ‘ஒரு மாசம் கோதுமையை நிறுத்திப் பார்த்தேன், வயிறு லேசாக இருக்கிறது, இப்போது டெஸ்ட் எடுக்கலாமா?’ என்று கேட்பவர்கள் அதிகம். வரிசையே தலைகீழ். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ரத்தத்தில் அந்த எதிர்ப்புப் பொருள் தெரியும், குடல் திசுவிலும் சேதம் தெரியும். நிறுத்திவிட்டால் சோதனை ‘ஒன்றுமில்லை’ என்று பொய் சொல்லக்கூடும். முதலில் சோதனை, அப்புறம் பத்தியம்.

◆ சாம்பாரில் கோதுமை இருக்குமா? இருக்கலாம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயம் சுத்தமான பிசின் இல்லை. காரத்தைத் தணிக்கக் கருவேலம் பிசினும் மாவும் சேர்த்துத்தான் கட்டியாகவும் தூளாகவும் வருகிறது. அந்த மாவு பல டப்பாக்களில் மைதா அல்லது கோதுமை. சிலவற்றில் அரிசி மாவு. டப்பாவின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிப்பது தவிர வழியில்லை. ரசம், மோர், ஊறுகாய், அப்பளம் என்று பெருங்காயம் நுழையாத இடம் நம் சமையலில் ஏது?

◆ இன்னும் சில ஒளிவிடங்கள்: ராகி சேமியாவில் பல பிராண்டுகளில் கோதுமை மாவும் கலந்திருக்கும். சிறுதானிய பிஸ்கட்டில் சிறுதானியம் சிறுபான்மை. ஓட்டல் தோசை மாவில் முறுகலுக்காக ஒரு பிடி ரவை விழும். அதைவிட முக்கியம், ராத்திரி பரோட்டா சுட்ட அதே கல்லில்தான் பல கடைகளில் தோசையும் வார்க்கிறார்கள். மாவு மில்லும் அப்படியே. முந்தின ஆள் கோதுமை அரைத்துப் போன கல்லில் உங்கள் கம்பை அரைத்தால், அது கம்பு மாவு ஆகாது. சொந்த மிக்சியில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரிப்பது மெனக்கெட்ட வேலைதான், ஆனாலும் நிச்சயமான வேலை.

◆ பசையில் கைவைத்து வேலை பார்ப்பவருக்குச் சீலியாக் இருந்தால்? தோல் வழியாகக் குளூட்டன் குடலுக்குப் போகாது. வாய்வழி போனால்தான் வம்பு. நகக்கண்ணில் காய்ந்த பசையோடு தூக்குவாளியைத் திறக்காமல், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்கார வேண்டும். உலர்ந்த மைதா மூட்டையைக் கொட்டும்போது பறக்கிற மாவு மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கலாம். அந்த வேலையை மட்டும் வேறு யாராவது பார்ப்பது நல்லது.

◆ ‘குளூட்டன் இல்லாதது’ என்று பாக்கெட்டில் போட இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு, ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள். ஒரு கிலோ என்பது 10 லட்சம் மில்லிகிராம்! பரோட்டாக் கல் பற்றிய எச்சரிக்கை ஏன் என்று இப்போது புரியும்.

◆ கத்தோலிக்கத் திருப்பலியில் கோதுமை அப்பம் கட்டாயம். குளூட்டன் துளியும் இல்லாத அப்பம் செல்லாது, மிகக் குறைவாக உள்ளது செல்லும் என்று 2017-ல் வத்திக்கான் மறுபடி நினைவூட்டியது. அதுவும் ஒத்துக்கொள்ளாதவர்கள் திராட்சை ரசத்தை மட்டும் பெற்றுக்கொள்ளலாம்.

◆ விருதுநகர் மாவட்டத்தின் கரிசலில், மழையை மட்டும் நம்பி விதைக்கிற குதிரைவாலி குளூட்டன் அறவே இல்லாத தானியம். கதிர் குதிரை வாலைப் போலத் தொங்குவதால் அந்தப் பெயர். சுமார் மூன்று மாதத்தில் அறுவடை. தமிழ்நாட்டில் இதை அதிகம் பயிரிடும் மாவட்டங்களில் விருதுநகரும் ஒன்று. வடக்கே விரத நாளில் கோதுமை, அரிசி தொடாதவர்கள் ‘சாமக் சாவல்’ என்று சாப்பிடுவது இதைத்தான். நம்மூரில் இதை ஏழைச் சோறு என்று ஒதுக்கியதற்கு ஒரு நியாயமும் இருந்தது. உமி லேசில் போகாது. உரலில் குத்திக் குத்தித் தோள்பட்டை விட்டுப்போன பாட்டிகள், நெல்லுச்சோறு கிடைத்ததும் உலக்கையை மூலையில் சாத்தியதில் என்ன தப்பு? இப்போது உமி நீக்க இயந்திரம் வந்துவிட்டது. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் மளிகைக் கடைகளிலும் பாக்கெட்டுகள் அடுக்கியாயிற்று. வாங்கும்போது பளிச்சென்று வெளுத்ததை விட்டு, சற்றே மங்கலாக இருப்பதை எடுங்கள். தவிடு இருக்கும், நாரும் இருக்கும். தவிட்டில் எண்ணெய்ப் பசை உண்டு என்பதால் நாளானால் சிக்கு வாடை அடிக்கும். மாதத்துக்கு ஒரு கிலோ போதும். ஒரு டம்ளருக்கு இரண்டேகால் டம்ளர் தண்ணீர், அரை மணி நேரம் ஊறல். பொங்கலுக்கு இன்னும் ஒரு டம்ளர் கூட.

◆ முதல் நாளே மூன்று வேளையும் சிறுதானியம் என்று இறங்கினால் வயிறு கல்போல உப்பும். நாருக்குப் பழகாத குடல் அது. வாரத்தில் இரண்டு நாள், ஒரு வேளை என்று ஆரம்பித்துத் தண்ணீரையும் கூட்டிக்கொண்டே போனால் ஒன்றிரண்டு மாதத்தில் பழகிவிடும். இன்னொரு ஆபத்து எதிர்ப்பக்கம். கோதுமை காலிசெய்த இடத்தை வெள்ளைச் சோறும், சர்க்கரை போட்ட ‘குளூட்டன் இல்லாத’ பிஸ்கட்டும் பிடித்துக்கொள்ளும். குடல் ஆறிச் சத்தை உறிஞ்சத் தொடங்கியதும் எடை தானாகவே ஏறும் என்பதால், தட்டில் பயறும் கீரையும் கூடவே ஏறவேண்டும். ராகி 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். எலும்பு தேய்ந்திருக்கும் சீலியாக்காரர்களுக்கு அது கைகண்ட துணை.

◆ முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளுக்குச் சீலியாக்கும் சேர்ந்து வர வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அந்த வீட்டில்தான் திண்டாட்டம். ‘சர்க்கரையா, ராத்திரி சப்பாத்தி கொடுங்கள்’ என்று தெருவே யோசனை சொல்லும்!

◆ பள்ளிக் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கியது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று. ரவையும் சேமியாவும் கோதுமைப் பிள்ளைகள், அரிசி ரவை உப்புமாவும் வெண்பொங்கலும் நம் பிள்ளைகள். சீலியாக் உள்ள குழந்தையின் அம்மா மருத்துவர் சீட்டோடு போய்ச் சத்துணவுக் கூடத்தில் எந்தக் கிழமைக்கு எது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

◆ தீபாவளிக்கு முன் நாலு ஊர் சுற்றினால்: சாத்தூர் காராச்சேவு கடலை மாவிலும் அரிசி மாவிலும் பிழிவது. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு (2020-ல் புவிசார் குறியீடு) வேர்க்கடலையும் வெல்லமும். அதிரசம், முறுக்கு அரிசி. இவற்றுக்குப் பயமில்லை, சேர்த்த பெருங்காயத்தில் கோதுமை இல்லாதவரை, ஒரே எண்ணெய்ச் சட்டியில் சோமாசியும் வேகாதவரை. பாதுஷா, சோமாசி, சோன்பப்டி மூன்றும் மைதாக் கட்சி. முந்திரிக்கொத்து வீட்டுக்கு வீடு மாறும். மேல்மாவு அரிசியா மைதாவா என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்ட வேண்டும்.

◆ ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா (புவிசார் குறியீடு 2019) பாலும் சர்க்கரையும் மட்டும். குளூட்டனுக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் சீலியாக் என்று புதிதாகத் தெரிந்தவருக்கு முதல் சில மாதம் அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி சுரப்பது, மழுங்கிப்போன அதே குடல்முளைகளின் நுனியில்தான். கோதுமையை விட்டபின் முளைகள் மெல்லத் தலைதூக்கும். குழந்தைகளுக்குச் சில மாதம், பெரியவர்களுக்கு ஒரு வருஷம், இரண்டு வருஷம்கூட ஆகும். பலருக்கு அப்புறம் பால்கோவா திரும்பக் கிடைத்துவிடுகிறது. முதல் நாள் ஒரு தேக்கரண்டி.