சாலையற்ற தடங்களில் நிகழ்படப் பதிவு

சாலையற்ற தடங்களில் நிகழ்படப் பதிவு என்பது மணல், சேறு, பாறை, ஆழமற்ற நீர் போன்ற செப்பனிடப்படாத நிலத்தில் செல்லும் வாகனத்திலோ, அதை ஓட்டுபவரின் உடலிலோ நிகழ்படக்கருவியைப் பொருத்திப் பயணத்தைப் பதிவு செய்யும் முறை ஆகும். இதில் கருவியைத் தாங்கும் பிடிப்பு அதிர்வு, காற்று, மணல், ஈரம் ஆகியவற்றுக்கு ஈடுகொடுக்க வேண்டும். இராமநாதபுரம் மாவட்டத்தில், இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு முனையில் உள்ள தனுஷ்கோடிக் கரையில் இவை அனைத்தும் ஒருங்கே அமைந்துள்ளன. வாகனம் எங்கே செல்லலாம், எங்கே செல்லலாகாது என்ற கேள்வியும் இக்கரையில் இப்பதிவோடு சேர்ந்தே எழுகிறது.

வரலாறு

ஓடும் வாகனத்திலிருந்து நேரடியாக ஒளிபரப்பும் முறை 1979 ஆம் ஆண்டு ஆத்திரேலியாவின் பாதர்ஸ்ட் மகிழுந்துப் பந்தயத்தில் பயன்படுத்தப்பட்டது. 1987 இல் அமெரிக்கரான மார்க் சுல்சே மலை மிதிவண்டி ஓட்டத்தைப் பதிவு செய்யத் தலைக்கவசத்தில் கருவியைப் பொருத்தினார். அதிலிருந்து வந்த கம்பி, முதுகுப்பையில் இருந்த நாடாப் பதிவுப் பொறியுடன் இணைக்கப்பட்டது. 2004 இல் கோப்ரோ நிறுவனம் மணிக்கட்டில் கட்டும் படச்சுருள் ஒளிப்படக்கருவியை வெளியிட்டது. 2006 இல் அதன் எண்முறைக் கருவி வந்தது. அதன்பின் உள்ளங்கையில் அடங்கும் கருவிகள் உலகெங்கும் பரவின.

பொருத்தும் இடங்கள்

தலைக்கவசம்: ஓட்டுபவர் பார்க்கும் திசையையே கருவியும் காட்டும். கழுத்து அதிர்வின் பெரும்பகுதியை உள்வாங்கிக்கொள்வதால் படம் ஓரளவு நிலையாக இருக்கும். ஆயினும் கூடுதல் எடை கழுத்தைச் சோர்வடையச் செய்யும். விழும்போது துருத்திக்கொண்டிருக்கும் பொருள் தரையில் சிக்கக்கூடும். தலைக்கவசத்தில் துளையிடுவது அதன் வலிமையைக் குறைக்கும்.

மார்பு: வார்ப்பட்டையால் கட்டப்படும் கருவி, கைகளையும் கைப்பிடியையும் சேர்த்துக் காட்டும். இதனால் பார்ப்பவருக்கு வேகமும் தடத்தின் கரடுமுரடும் நன்கு புலப்படும்.

கைப்பிடியும் சட்டமும்: பொருத்துவது எளிது. ஆனால் இயந்திரத்தின் அதிர்வு நேரடியாகக் கருவிக்குச் செல்லும்.

கண்ணாடியும் கூரையும்: மகிழுந்து, ஜீப் போன்றவற்றில் உறிஞ்சு கிண்ணம் பயன்படுகிறது. மணல் படிந்த பரப்பில் இது பிடிக்காது. பரப்பைத் துடைத்த பின்னரே ஒட்ட வேண்டும். வெளிப்புறத்தில் பொருத்தும்போது, கிண்ணம் கழன்றாலும் கருவி விழாதிருக்க ஒரு பாதுகாப்புக் கயிறு கட்டுவது இன்றியமையாதது.

அதிர்வும் படமும்

பெரும்பாலான சிறு கருவிகளின் உணரி ஒரு படத்தை ஒரே கணத்தில் பதிவதில்லை, வரிவரியாகப் பதிகிறது. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையில் கருவி அசைந்தால் நேர்கோடுகள் நெளிந்து, காட்சி கூழ் போலத் தளும்பும். இயந்திரத்தின் வேகமான சிற்றதிர்வே இதற்கு முதன்மைக் காரணம். மணல்மேட்டில் ஏறி இறங்கும்போது ஏற்படும் மெதுவான பேரசைவை மின்னணு நிலைப்படுத்தல் பெருமளவு சரிசெய்துவிடும். சிற்றதிர்வைப் பொருத்தும் இடத்திலேயே தடுக்க வேண்டும்.

இதற்கு முதல் வழி, தாங்கும் கையைக் குட்டையாக வைப்பது. நீண்ட கை தூண்டில் கோலைப் போல நுனியில் ஆடும். இரண்டாவது வழி, பிடிப்புக்கும் சட்டத்துக்கும் இடையே இரப்பர்த் துண்டு வைப்பது.

அதிர்வு கருவியையே பழுதாக்கவும் கூடும். மோட்டார் சைக்கிள்களின் வலுவான அதிர்வு, ஐபோனில் உள்ள ஒளியியல் நிலைப்படுத்தும் அமைப்பைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனம் 2021 இல் அறிவித்தது.

தனுஷ்கோடித் தடம்

1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வீசிய புயலில் தனுஷ்கோடி நகரும் அதன் தொடர்வண்டிப் பாதையும் அழிந்தன. அதன்பின் பல பத்தாண்டுகள் சாலை முகுந்தராயர் சத்திரத்தோடு முடிந்தது. அதற்கப்பால் பயணிகள் நாற்சக்கர இயக்கம் கொண்ட வாகனங்களில் மணலையும் ஆழமற்ற நீரையும் கடந்து சென்றனர். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையிலான, ஏறத்தாழ 9.5 கிலோமீட்டர் நீளமுள்ள சாலை 2017 ஜூலை 27 அன்று திறந்து வைக்கப்பட்டது. ஆகவே 2017 க்கு முன் அந்த வாகனங்களிலிருந்து எடுக்கப்பட்ட நிகழ்படங்கள் மறைந்துபோன ஒரு பயணமுறையின் ஆவணங்கள் ஆகும்.

காற்று, வெயில், உப்பு

இச்சாலை ஏறத்தாழ வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் செல்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று, அரிச்சல்முனை நோக்கிச் செல்லும் வாகனத்தின் வலப்புறத்தைத் தாக்கும். அக்காலத்தில் கருவியை இடப்புறம் பொருத்தினால் வில்லையில் மணல் படிவது குறையும். காலையில் முனையை நோக்கிச் செல்லும்போது வெயில் எதிரே இருக்கும். எனவே முன்னோக்கிய காட்சிகளைக் காலையில் திரும்பி வரும்போது எடுப்பது நல்லது. ஒலிவாங்கியை மென்பஞ்சு உறையால் மூடினால் காற்றின் இரைச்சல் குறையும்.

வில்லையில் மணல் இருக்கையில் துணியால் துடைத்தால் கீறல் விழும். முதலில் ஊதி அகற்றி, பிறகே துடைக்க வேண்டும். நீர்புகா உறையுள்ள கருவியைப் பயணம் முடிந்ததும், மூடியைத் திறப்பதற்கு முன், நன்னீரில் அலச வேண்டும். உலர்ந்த உப்பு திருகுகளை அரித்து இறுகச் செய்துவிடும்.

சூழலும் சட்டமும்

பங்குனி ஆமைகள் ஆண்டின் முதல் மாதங்களில் இக்கடற்கரை மணலில் முட்டையிடுகின்றன. மணலில் ஓடும் சக்கரம் கூடுகளை நசுக்கலாம். சக்கரத் தடத்தின் பள்ளத்தில் விழும் குஞ்சுகள் கடலை அடைய இயலாமல் தவிக்கும். இந்த ஆமை 1972 ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. 2025 ஜூனில் தமிழ்நாடு அரசு தனுஷ்கோடியில் ஏறத்தாழ 524.7 எக்டேர் பரப்பைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. சரணாலயத்தினுள் நுழையவும் படம் எடுக்கவும் வனத்துறையின் அனுமதி தேவை.

எனவே இக்கரையில் கருவியைச் சாலையில் செல்லும் வாகனத்தில் பொருத்திப் பதிவு செய்வதே பொருத்தமானது. இருபுறமும் கடல் தெரியும் இக்குறுகிய நிலத்தில், மணலில் இறங்காமலே முழுக் காட்சியும் கிடைக்கும். சாலையற்ற தடத்தில் ஓட்டிப் பதிவு செய்ய விரும்புவோர், அதற்கென அனுமதிக்கப்பட்ட இடங்களையே தேர்ந்தெடுக்க வேண்டும்.