காற்றோடு போகும் மருந்து

இளைப்பு முற்றி மூச்சுவிடத் திணறும் குழந்தைக்கு ஒரே நேரத்தில் இரண்டு உதவிகள் தேவைப்படலாம். ஒன்று, இயந்திரம் செலுத்தும் காற்று. மற்றொன்று, சுருங்கிய மூச்சுக்குழாய்களை விரிக்கும் சல்பியூட்டமோல் போன்ற மருந்து. சிக்கல் என்னவென்றால், முதல் உதவியே இரண்டாவதற்குத் தடையாகிவிடுகிறது. எப்படி?

இச்சிகிச்சையில் தொண்டைக்குள் குழாய் செருகுவதில்லை. முகக்கவசம் வழியாகவோ மூக்கில் பொருத்திய சிறு குழாய்கள் வழியாகவோ ஆக்சிஜன் கலந்த காற்று செலுத்தப்படுகிறது. மருந்தும் அதே வழியில்தான் போக வேண்டும்.

நெபுலைசர் கருவி திரவ மருந்தை நுண்துளிகளாக்குகிறது. நுரையீரலை அடைய ஏற்ற அளவு 1 முதல் 5 மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரோமீட்டர் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேருந்து சட்டெனத் திரும்பும்போது நாம் பக்கவாட்டில் சாய்கிறோம் அல்லவா? அதுபோலப் பெரிய துளிகள் வளைவுகளில் திரும்ப முடியாமல் குழாயிலும் மூக்கிலும் மோதி ஒட்டிக்கொள்கின்றன. காற்றின் வேகம் கூடக் கூட இந்த மோதலும் கூடுகிறது.

இன்னோர் இழப்பும் உண்டு. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு மூக்குக் குழாய் வழியே நிமிடத்துக்கு 20 லிட்டர் வரை காற்று செலுத்தப்படலாம். அக்குழந்தை ஒரு மூச்சில் சுமார் 70 மில்லிலிட்டர் காற்றை இழுக்கிறது. நிமிடத்துக்கு 30 மூச்சு என்றால் மொத்தம் 2.1 லிட்டர்தான். மீதிக் காற்று மூக்கின் ஓரமாக வெளியேறும்போது மருந்தும் கூடவே போய்விடுகிறது.

இயந்திரத்தைச் சற்று நேரம் கழற்றிவிட்டு மருந்து கொடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இலேசாகப் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு அது சரிப்படலாம். கடுமையாகத் திணறும் குழந்தைக்கு அந்தச் சில நிமிடங்களே ஆபத்தாகலாம். ஆகவே, நிலைமையைப் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். காற்றின் வேகத்தைக் கண்காணிப்புடன் சிறிது நேரம் குறைப்பதும் ஒரு வழி.

கருவியின் தேர்வும் முக்கியம். பழைய வகை நெபுலைசர் அழுத்தப்பட்ட வாயுவால் இயங்குவதால் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் வாயுவைக் கூடுதலாகச் சேர்க்கிறது. இயந்திரத்தின் அழுத்தக் கணக்கும் குழம்புகிறது. அதிரும் வலை வகையில், நுண்துளைகள் நிறைந்த மெல்லிய தகடு மின்சாரத்தால் அதிர்ந்து மருந்தைத் துளிகளாக்குகிறது. கூடுதல் வாயு இல்லை. கருவிக்குள் தங்கிவிடும் மருந்தும் குறைவு.

எந்தக் கருவியானாலும் குழந்தை அழுதால் பயன் குறையும். அழும்போது வெளிமூச்சு நீண்டு, உள்மூச்சு குறுகி வேகமாகிறது. மருந்தின் பெரும்பகுதி தொண்டையிலேயே தங்கி, வயிற்றுக்குள் போய்விடும். அதனால்தான் தாதியர் குழந்தையை அம்மாவின் மடியில் அமர்த்திச் சமாதானப்படுத்தியபின் மருந்து தர முயல்கிறார்கள்.

உங்கள் வீட்டில் தம்பி தங்கைக்கு நெபுலைசர் வைக்க நேர்ந்தால் இதை மறவாதீர்கள். குழந்தை முரண்டு பிடிக்கிறதே என்று முகக்கவசத்தைச் சற்று விலக்கிப் பிடிப்பது பலரின் பழக்கம். அந்தச் சிறு இடைவெளியிலேயே உள்ளே செல்லும் மருந்து வெகுவாகக் குறைந்துவிடும். பிடித்த கதையைச் சொல்லுங்கள். குழந்தை அமைதியானதும் கவசத்தை முகத்தோடு இடைவெளியின்றிப் பொருத்துங்கள்.