கறுப்பா இருந்தா கூலிங்கா? கார் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டும் முன் இந்த 70-50 கணக்கைப் பாருங்க!

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் தஞ்சாவூரில் கார் வைத்திருப்பவர்களின் புலம்பலும் தொடங்கிவிடும். பெரிய கோயிலுக்குப் போய்விட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து காரின் கதவைத் திறந்தால், அடுப்படி பரவாயில்லை என்று தோன்றும். ஸ்டீயரிங்கில் கை வைக்க முடியாது. சீட் பெல்ட் கொக்கி சுடும். பின்சீட்டில் கைக்குழந்தை இருந்தால் கேட்கவே வேண்டாம். மறுநாளே கார் அக்சஸரீஸ் கடையில் போய் நின்று, "நல்லா டார்க்கா ஒரு கூலிங் ஷீட் ஒட்டிக் கொடுங்கண்ணே" என்கிறோம்.

பெயரிலேயே 'கூலிங்' இருப்பதால் வந்த குழப்பம் இது. ஷீட் எவ்வளவு கறுப்பு என்பதற்கும் கார் எவ்வளவு குளிரும் என்பதற்கும் நாம் நினைக்கிற அளவுக்குச் சம்பந்தம் இல்லை. கறுப்புக்கும் அபராதத்துக்கும் உள்ள சம்பந்தம்தான் நேரடியானது.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 100-வது விதி கார் கண்ணாடியைப் பற்றியது. முன்பக்க, பின்பக்கக் கண்ணாடிகள் வழியாகக் குறைந்தது 70 சதவிகித வெளிச்சம் உள்ளே வர வேண்டும். பக்கவாட்டுக் கண்ணாடிகளில் குறைந்தது 50 சதவிகிதம். இதுதான் அந்த 70-50.

இதை வைத்து நாடு முழுக்கக் கறுப்பு ஷீட்டுகள் கிழிக்கப்பட்டது 2012-ல். கொல்கத்தாவைச் சேர்ந்த அவிஷேக் கோயங்கா என்பவர் தொடர்ந்த பொதுநல வழக்கில், அந்த ஆண்டு ஏப்ரல் 27 அன்று தலைமை நீதிபதி எஸ்.ஹெச்.கபாடியா தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. குற்றம் செய்பவர்களுக்குக் கறுப்புக் கண்ணாடி மறைவிடமாகிறது என்பது மனுதாரரின் வாதம். கார் கம்பெனி தயாரிக்கும்போதே கண்ணாடியில் சாயம் இருந்தால், அது 70-50-க்குள் இருக்கும்வரை பரவாயில்லை; வெளியே வாங்கி மேலே எதையும் ஒட்டக் கூடாது, அது எத்தனை சதவிகித ஃபிலிமாக இருந்தாலும் சரி என்றது நீதிமன்றம். இசட், இசட் பிளஸ் பாதுகாப்பில் இருப்பவர்களின் வாகனங்களுக்கு மட்டும் விலக்குக்கு இடம் வைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் அந்தக் கொடூரம் நடந்தபோது, பேருந்தின் கறுப்புக் கண்ணாடிகளும் திரைகளும் மறுபடி பேச்சானது நினைவிருக்கலாம்.

"அப்படியானால் ஃபிலிமே ஒட்டக் கூடாதா?" என்றால், 2012-ல் அப்படித்தான். பிறகு விதியே மாறியது. 2021 ஏப்ரல் 1 முதல் 100-வது விதியில் 'சேஃப்டி கிளாஸ்' என்பதோடு 'சேஃப்டி கிளேஸிங்' என்ற சொல்லும் சேர்ந்தது. உள்பக்கம் பிளாஸ்டிக் படலம் உள்ள கண்ணாடியும் இதில் அடங்கும். இதை வைத்துத்தான் 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி என்.நகரேஷ், ஐ.எஸ். 2553 தரத்துக்கு உட்பட்டு, 70-50 அளவை மீறாத ஃபிலிம் ஒட்டினால் அபராதம் விதிக்க முடியாது என்று தீர்ப்பளித்தார்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். அது கேரளத் தீர்ப்பு. விதி நாடு முழுக்க ஒன்றுதான் என்றாலும், அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது; ஒரு வாதமாக எடுத்துக்காட்டலாம், அவ்வளவே. ரோட்டில் வண்டியை மறிக்கும் போலீஸார் கையில் வெளிச்சம் அளக்கும் மீட்டர் இல்லையென்றால் கண்ணால் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே உட்கார்ந்திருப்பவரின் முகம் தெரியவில்லையா? முதல் முறை 500 ரூபாய், அடுத்த முறை 1,500 ரூபாய். ஷீட்டும் அங்கேயே கிழியும், ஒட்டிய காசும் போகும். சினிமா நட்சத்திரங்களுக்கே விலக்கு இல்லை. 2022-ல் ஹைதராபாத்தில் தெலுங்கு ஹீரோக்களின் கார்களிலேயே ஃபிலிமை உரித்தார்கள்.

கடையில் சொல்லும் நம்பர் வேறு!

பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். சட்டம் கேட்பது கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்து எவ்வளவு வெளிச்சத்தை விடுகின்றன என்பதை. கடையில் சொல்வதோ ஃபிலிமின் நம்பரை மட்டும்.

ஷோரூமிலிருந்து வரும்போதே காரின் கண்ணாடி லேசான பச்சைச் சாயத்தோடுதான் பெரும்பாலும் இருக்கும். அது 75 சதவிகித வெளிச்சத்தை விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் '50 நம்பர்' ஃபிலிம் ஒட்டினால் 75-ல் பாதி, அதாவது 37.5 சதவிகிதம்தான் உள்ளே வரும். "50தானே சார் சட்டம்" என்று ஒட்டிக்கொண்டு வந்தவர் அபராதம் கட்டுவது இப்படித்தான். அதே கண்ணாடியில் '70 நம்பர்' ஒட்டினால் 52.5 வரும், தப்பிக்கலாம். கண்ணாடியே 70 என்றால் அந்த 70 நம்பர் ஃபிலிமும் 49-க்கு இறங்கி மாட்டிவிடும். முன்கண்ணாடியில் 90 நம்பர் ஒட்டினால்கூட 67.5. அதனால் முன்பக்கத்தைத் தொடாமல் விடுவதே உத்தமம்.

இன்னொரு குழப்பம், சிலர் '70 பர்சன்ட்' என்றால் 70 சதவிகிதம் டார்க் என்று தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். "எத்தனை சதவிகிதம் வெளிச்சம் உள்ளே வரும்?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். மீட்டர் வைத்திருக்கும் கடையாகப் பார்த்து, சாம்பிள் ஃபிலிமை உங்கள் கார் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். அளக்க யோசிக்கும் கடையில் ஒட்டாதீர்கள்.

சரி, குளிர்ச்சி? வெயிலோடு வரும் வெப்பத்தில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களில்தான் வருகிறது. மலிவான கறுப்பு ஷீட் வெறும் சாயம். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத்தான் மறைக்கும். தானும் சூடேறி, அந்தச் சூட்டில் ஒரு பகுதியைக் காருக்குள்ளேயே விடும். இரண்டு மூன்று கோடையில் ஊதா நிறத்துக்கு மாறி, குமிழ் விட்டு நிற்கும் கார்களைப் பார்த்திருப்பீர்களே, அது இந்த ரகம். செராமிக் ஃபிலிம் பார்க்கக் கண்ணாடி மாதிரியே இருக்கும், ஆனால் அகச்சிவப்பைத் தடுக்கும். விலை பல மடங்கு. பாக்கெட்டில் 'ஐ.ஆர். 90 சதவிகிதம்' என்று பெரிதாகப் போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். மொத்த சூரிய வெப்பத்தில் எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு 'டி.எஸ்.ஈ.ஆர்.' என்று ஒரு எண் இருக்கும். ஒப்பிட வேண்டியது அதைத்தான்.

தை மாத ராத்திரி ரோடு

டார்க் ஷீட்டில் அபராதத்தைவிடப் பெரிய கவலை ஒன்று நம் டெல்டாவில் உண்டு. சம்பா அறுவடை நேரத்தில் மன்னார்குடி, ஒரத்தநாடு, பாபநாசம் பக்கம் ராத்திரியில் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும். ரோட்டில் பாதி நெல் காயும். அதன் மேல் வண்டி ஏறிவிடக் கூடாது என்று ஓரத்தில் கல்லை அடுக்கியிருப்பார்கள். பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர் முன்னால் போகும். கொள்முதல் நிலையத்துக்கு எதிரே லாரிகள் வரிசை கட்டி நிற்கும். போதாததற்குப் பனிமூட்டம். பல இடங்களில் ரோட்டை ஒட்டியே வாய்க்கால் ஓடும், தடுப்பு இருக்காது.

இந்த ரோட்டில் வளைவு திரும்பும்போதும், எதிரே பஸ் வந்து ஓரம் கட்டும்போதும் கண் போவது பக்கவாட்டுக் கண்ணாடிக்குத்தான். 75 சதவிகிதக் கண்ணாடியில் 35 நம்பர் ஷீட் ஒட்டியிருந்தால், வெளியே இருக்கிற வெளிச்சத்தில் கால்வாசிதான் உங்கள் கண்ணுக்கு வரும். அந்தக் கால்வாசியில் லுங்கி கட்டிக்கொண்டு சைக்கிளில் வருபவரைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணாடியை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்து ரிவர்ஸ் எடுப்பவர்களைக் கவனியுங்கள், பெரும்பாலும் டார்க் ஷீட் பார்ட்டிகள்தான்!

மெஷ் துணித் திரைகளை நிறுத்தி வைத்திருக்கும்போது மாட்டுவதில் தவறில்லை. ஓடும்போது கழற்றிவிடுங்கள், 2012 தீர்ப்பில் ஃபிலிமோடு 'வேறு எந்தப் பொருளும்' என்று சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். முன்கண்ணாடிக்கு உள்ளே விரிக்கும் வெள்ளி நிற ஷேடு, நிழலான பார்க்கிங், கிளம்பும் முன் நான்கு கதவையும் இரண்டு நிமிடம் திறந்து வைப்பது, இவை செலவில்லாத கூலிங்.

ஒட்டுவதென்று முடிவெடுத்தால் கம்பெனி பெயர், ஃபிலிமின் வெளிச்ச அளவு, ஐ.எஸ். 2553 சான்று மூன்றும் பில்லில் இருக்கட்டும், பில்லை ஆர்.சி. புக்கோடு வைத்துக்கொள்ளுங்கள். பழைய கார் வாங்குகிறவர்கள் விலை பேசும்போதே கண்ணாடியைப் பாருங்கள். முந்தைய ஓனர் ஒட்டியது என்று செக்போஸ்ட்டில் சொன்னால் எடுபடாது. உரிக்கும்போது பின்கண்ணாடியில் மட்டும் பிளேடு போட விடாதீர்கள். அங்கே ஓடும் மெல்லிய கோடுகள் டீஃபாகர் கம்பிகள். ஒன்று அறுந்தால் அந்த வரிசை வேலை செய்யாது. ஆவி அடித்தோ ஹேர் டிரையரில் சூடேற்றியோ மெதுவாக இழுத்தால் பசையோடு வந்துவிடும்.