அம்முச்சியின் தாலாட்டு

"அம்மா, அம்முச்சி பாடுன தாலாட்டு கேசட் இன்னும் இருக்குதுங்களா?" பிரசவத்துக்கு ஆனைமலை வந்திருந்த மகள் கேட்டாள். அவளைத் தொட்டிலில் போட்டு 1995-ல் என் அம்மா பாடியது. அம்மா இப்போது இல்லை.

பீரோவிலிருந்து எடுத்தால், நாடாவில் வெள்ளைப் பூஞ்சை! எங்கள் ஊர் ஈரம் அப்படி. அவசரப்பட்டு ஓட்டினேன்; ஒட்டியிருந்த நாடா சிக்கிக்கொண்டது. பென்சிலைச் சக்கரத்தில் விட்டுச் சுற்றி மீட்பதற்குள் உயிர் போய் வந்தது. கசங்கிய இடத்தில் இரண்டு வரி போனது போனதுதான். பூஞ்சை கண்டால் ஓட்டாதீர்கள், சகோதரிகளே; விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள்.

பிறகு டேப்ரிகார்டரின் இயர்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் 'லைன்-இன்' துளைக்கு வயர் கொடுத்து, இலவசமாகக் கிடைக்கும் 'அடாசிட்டி'யில் பதிந்தோம். 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடமும் ஆகும். அதற்குள் சமையலே முடிந்துவிடும்! சி.டி. தரத்தில் 'வேவ்' கோப்பாக வைத்தால் 600 எம்.பி.க்கு மேல் வரும். கைபேசிக்கு 'எம்பி3' போதும். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். பென்டிரைவில் இன்னொரு பிரதி அவசியம்.

தாலாட்டின் நடுவே அம்மா கோழியை விரட்டும் சத்தம். "வெட்டிடலாங்களா அத்தை?" என்றார் மாப்பிள்ளை. வேண்டாமென்றுவிட்டேன்.