காந்தம் ஒட்டாத கார்

சேலத்திலிருந்து ஓமலூர் போகும் பக்கம், ஏற்காட்டு மலை தெரிகிற ஒரு திடலில் பழைய கார்களை நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு பத்திரிகைக்காகவாம். எல்லாமே விசித்திரமான வண்டிகள். ஒருகாலத்தில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. அதன் மூக்கு மொத்தமும், மட்கார்டோடு சேர்ந்து, முன்னால் கவிழ்ந்து திறக்கும். பக்கத்தில் முட்டைவடிவ ஃபோக்ஸ்வேகன் பீட்டில். அதற்கு இன்ஜின் பின்னால், டிக்கி முன்னால்!

படப்பிடிப்புக்காரர்கள் இருட்டிலேயே வந்து காத்திருந்தார்கள். கார் என்பது படமெடுக்கக் கஷ்டமான பொருள். பாலிஷ் போட்ட உடம்பு முழுக்க வளைந்த கண்ணாடிதானே? வெயில் ஏறிவிட்டால் கேமராக்காரர், அவருடைய தொப்பி, எதிரே இருக்கும் புளியமரம் எல்லாம் கதவில் தெரியும். சூரியன் கிளம்புமுன் ஒரு கால்மணி நேரம் மட்டும் வானம் முழுவதுமே ஒரு பெரிய மங்கலான விளக்காக இருக்கும். அப்போது எந்த இடத்திலும் பளீரென்ற புள்ளி விழாது. அந்த நேரத்துக்குத்தான் இத்தனை அவசரம்.

அவசரம் முடிந்ததும் வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளுக்கு வேலை வந்தது. நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை அவர்களிடம் கொடுத்தார்.

"மேல பெயிண்ட் பளபளன்னுதான் இருக்கும் கண்ணு. உள்ள தகரமா, பட்டி பூசி மறைச்சிருக்காங்களான்னு இதுதான் சொல்லும். துணி சுத்திக்கிட்டு வெச்சுப் பாருங்க."

பட்டி என்பது பள்ளத்தை நிரப்பும் பூச்சு. அது கனமாக இருந்தால் காந்தத்தின் பிடி தளர்ந்துவிடும். பிள்ளைகள் ஒவ்வொரு கதவாக வைத்துப் பார்த்தார்கள். பீட்டிலின் பின்பக்கம் திறந்திருந்தது. ஒரு சிறுமி இன்ஜின் கூட்டில் வைத்தாள். காந்தம் நழுவிக் கீழே விழுந்தது.

"ஏனுங்ணா, இது இரும்பு இல்லீங்களா?"

"இல்ல கண்ணு. இது பெரும்பங்கு மக்னீசியம்."

ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள இரும்புக் கட்டி 7.8 கிலோவுக்கு மேல் இருக்கும். அதே அளவு அலுமினியம் 2.7 கிலோ. மக்னீசியமோ 1.74 கிலோதான்! பின்சக்கரங்களுக்கும் பின்னால் இன்ஜின் தொங்குகிற காரில் எடை குறைவது பெரிய லாபம். அதனால் பீட்டிலின் இன்ஜின் கூட்டையும் கியர் பெட்டிக் கூட்டையும் மக்னீசியக் கலவையில் வார்த்தார்கள். காருக்கு ஏறத்தாழ 20 கிலோ.

மக்னீசியத்தைச் சேலத்துப் பிள்ளைகள் தேடிப்போக வேண்டியதில்லை. மலையடிவாரத்தில் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் வெள்ளைக்கல் அதன் தாதுதான். மக்னசைட் என்பார்கள். வேதியியல் பெயர் மக்னீசியம் கார்பனேட். கலப்பில்லாத 84 கிலோ கல்லில் 24 கிலோ மக்னீசியம் அடங்கியிருக்கிறது.

ஆனால் சேலத்துக் கல் பெரும்பாலும் உலோகமாவதற்குப் போவதில்லை. அதைச் சூளையில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி மக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும். அது உருக 2,800 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். எஃகு உலைக்குள் சூடு 1,600 டிகிரி அளவில்தான் இருக்கும். ஆகவே உலையின் உட்சுவருக்கு இந்த ஆக்சைடில் செங்கல் செய்கிறார்கள். எஃகு உருகும், செங்கல் அப்படியே நிற்கும்.

இதே ஆக்சைடு பழைய காலத்துப் படப்பிடிப்பிலும் இருந்தது. 1887-இல் ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தே, யோஹன்னஸ் கேடிக்கே என்ற இருவர் மக்னீசியத் தூளோடு பொட்டாசியம் குளோரேட் கலந்து 'பளிச்' பொடி செய்தார்கள். பற்றவைத்தால் கண்ணைப் பறிக்கும் வெள்ளொளி. பிறகு அறை முழுக்க வெள்ளைப் புகை. அந்தப் புகை வேறொன்றுமில்லை, மக்னீசியம் ஆக்சைடுதான். உலைச் செங்கல்லிலும் அதுவே. கல் ஏன் எரிவதில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது: அதிலுள்ள மக்னீசியம் ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்டது. எரிய இனி என்ன மிச்சம்?

உலோகம் அப்படியல்ல. பெரிய கட்டி சுலபமாகத் தீப்பிடிக்காது. பிடித்துவிட்டாலோ தண்ணீர் ஊற்றக் கூடாது. எரியும் மக்னீசியம் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனை வெளியேற்றும். அதுவும் சேர்ந்து எரியும். கரியமில வாயு அடித்தாலும் அணையாது, அதிலுள்ள ஆக்சிஜனையும் பிடுங்கிக்கொள்ளும். இதை வீட்டில் யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம், சொல்லிவிட்டேன்!

இந்தக் குணம் ஒரு காரின் முகத்தையே மாற்றியிருக்கிறது. 1935-இல் பாரிஸ் கண்காட்சிக்கு புகாட்டி நிறுவனம் ஏரோலித் என்றொரு கார் கொண்டுவந்தது. உடம்பு மக்னீசியக் கலவைத் தகடு. அதைப் பற்றவைத்து ஒட்டுவது சிரமம். எனவே தகடுகளின் ஓரத்தை வெளியே மடித்து, ரிவெட் ஆணி அடித்துச் சேர்த்தார்கள். நடு முதுகில் வால்வரை மீனின் துடுப்பு போல ஒரு வரம்பு எழுந்தது. அடுத்து வந்த அட்லாண்டிக் காருக்கு அலுமினியத் தகடு. ஒட்டுவதில் பிரச்சினை இல்லை, ஆணி தேவையே இல்லை. இருந்தும் அழகாக இருக்கிறதென்று அந்த ஆணி வரம்பை விடாமல் வைத்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் சரியான முடிவு.

அட்லாண்டிக் மொத்தம் நான்குதான் செய்தார்கள். அதில் ஒரு கறுப்புக் கார் இரண்டாம் உலகப் போரின்போது காணாமல் போனது. இன்றுவரை கிடைக்கவில்லை.